ஜீரோ எர்ரர்: நம்மை நாமே அளக்கும்போது

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தவுடன் ஜாப்பை அளந்துவிடக் கூடாது. மெட்ராலஜி லேபில் நாம் கற்கும் முதல் பாடம் அது. முதலில் ஆன்வில், ஸ்பிண்டில் இரண்டின் முகத்தையும் துணியால் துடைக்க வேண்டும். ராட்செட்டைத் திருப்பி இரண்டையும் சேர்க்க வேண்டும். திம்பிளின் பூஜ்யக் கோடு ஸ்லீவில் உள்ள கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதுதான் ஜீரோ எர்ரர். கருவி 0.03 மி.மீ. குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாப்பை அளக்கும்போது 12.42 என்று வந்தால் உண்மையான அளவு 12.45. கூட்டிக்கொள்ள வேண்டும். கூடுதலாகக் காட்டும் கருவியாக இருந்தால் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்காக யாரும் மைக்ரோமீட்டரைத் தூக்கி எறிவதில்லை. எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று தெரிந்தால் போதும், அதை வைத்தே வேலை பார்க்கலாம்.

ஆனால் நம்மை நாமே அளக்கும்போது மட்டும் இந்தப் பாடம் மறந்துபோகிறது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது. இன்டர்வியூல எப்படியோ தப்பிச்சு வந்துட்டேன். ஒருநாள் கண்டுபிடிச்சிடுவாங்க." டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன சீனியர்களிடம் மனம் விட்டுப் பேசினால், முதல் சில மாதங்களில் இப்படி நினைக்காதவர் குறைவு என்று தெரியும். இன்னும் சில மாதங்களில் நம்மில் பலரும் கம்பெனி கேட்டுக்குள் போகப் போகிறோம். ஆகவே இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது, இது காட்டும் ரீடிங்கை எவ்வளவு தூரம் நம்பலாம், என்ன செய்யலாம் என்பதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிக் கண்டதை அதில் எழுதினார்கள். அந்தப் பெண்களிடம் பட்டம் இருந்தது, பரிசு இருந்தது, பதவி இருந்தது. ஆனாலும் அவர்களில் பலர், "நான் உண்மையில் கெட்டிக்காரி இல்லை, மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று உள்ளுக்குள் நம்பினார்கள். கிடைத்த வெற்றிக்கெல்லாம் அதிர்ஷ்டம் என்றோ, தேர்வு செய்தவர்களின் தவறு என்றோ காரணம் சொன்னார்கள். இதற்கு அந்த இருவரும் வைத்த பெயர் இம்போஸ்டர் ஃபினாமினன். வேஷம் போட்டு உள்ளே வந்துவிட்டதாக நினைக்கும் உணர்வு என்று நாம் சொல்லலாம். ஆண்களுக்கும் இது உண்டு என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

பிற்காலத்தில் மக்கள் இதை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். சிண்ட்ரோம் என்றதும் ஏதோ வியாதி போலத் தோன்றுகிறது. ஆனால் மனநோய்களுக்கான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. இது ஓர் அனுபவம், அவ்வளவுதான்.

1985-இல் கிளான்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். இந்த உணர்வு ஒரு சக்கரம் போலச் சுற்றுவதை அவர் விளக்கினார். புது வேலை ஒன்று வருகிறது. உடனே பயம் வருகிறது. பயத்தில் ஒருவன் ராத்திரி பகலாகத் தேவைக்கு மேல் தயார் செய்கிறான். இன்னொருவன் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போட்டு அவசரமாகச் செய்கிறான். இருவருக்கும் வேலை நன்றாகவே முடிகிறது. முதல் ஆள், "இவ்வளவு கஷ்டப்பட்டதாலதான் முடிஞ்சுது, மூளை இருக்கிறவன் சும்மாவே செஞ்சிருப்பான்" என்கிறான். இரண்டாவது ஆள், "ஏதோ அதிர்ஷ்டம்" என்கிறான். இருவருமே வெற்றியைத் தங்கள் கணக்கில் வரவு வைப்பதில்லை. அடுத்த வேலை வரும்போது கணக்கு மறுபடி பூஜ்யத்தில்தான் நிற்கிறது. பயமும் மறுபடி வருகிறது.

இருபத்திரண்டு நாள்

இது படித்துவிட்டு மறக்கிற விஷயம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர், அவருடைய பேட்ச்சில் மெஷின் ஷாப்பில் நல்ல பெயர் எடுத்தவர். ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்தார். இருபத்திரண்டாவது நாள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில், சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொன்னார். ரொம்ப நாள் கழித்து டீக்கடையில் என்னிடம் சொன்னது வேறு: "வேலை கஷ்டமில்லடா. எல்லாரும் பார்த்ததுமே புரிஞ்சுக்கிறாங்க. நான் மட்டும்தான் முழிச்சுக்கிட்டு நின்னேன். அவங்களா அனுப்புறதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன்."

அவரோடு அதே நாளில் சேர்ந்த இன்னொருவர் அங்கேயே இருந்து செட்டர் ஆகிவிட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "எனக்கு மட்டும் என்ன புரிஞ்சுது? அவன் தலையாட்டினான். அதைப் பார்த்து நானும் தலையாட்டினேன்" என்றார்.

நண்பர்களே, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை போயிற்று. உளவியலில் இதற்கு ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ் என்று பெயர். டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் என்ற இருவர் 1987-இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். படித்தால் எளிதில் புரியாத ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, புரியாவிட்டால் வந்து கேட்கலாம் என்றும் சொன்னார்கள். மாணவர்கள் கேட்கத் தயங்கினார்கள். தான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் மற்றவன் கேட்காததற்குக் காரணம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். நம்ம வகுப்பிலும் "டவுட் இருக்கா?" என்று சார் கேட்டதும் வரும் அமைதி இதே அமைதிதான்.

முதல் தலைமுறைக்கு இன்னும் கொஞ்சம் பாரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கு மேல் படிக்க வந்தவன் நான்தான் முதல். நம்மில் பலருக்கும் இதே நிலைதான். தெருவில் மிக்ஸி ரிப்பேர் ஆனாலும், கிணற்று மோட்டார் நின்றாலும், "எங்க பையன் எஞ்சினியருக்குப் படிக்கிறான், அவனக் கேளுங்க" என்று வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலைக்குள் போனாலோ, "டிப்ளமோவா? சரி, ஓரமா நின்னு பாரு" என்கிறார்கள். வீட்டில் நம்மைப் பற்றிச் சொல்லும் அளவு ஒன்று, ஷாப்பில் சொல்லும் அளவு இன்னொன்று. நடுவில் நிற்கிறவனுக்குத் தான் போலி என்று தோன்றாமல் என்ன செய்யும்?

அப்பாவோ அண்ணனோ ஏற்கெனவே கம்பெனி வேலையில் இருக்கும் வீட்டில், முதல் மாசம் எல்லாருக்கும் தலை சுற்றும் என்பது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நமக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவன் "முதல் மாசம் அப்படித்தான்" என்று எடுத்துக்கொள்கிற அதே குழப்பத்தை, நாம் "நான் அதுக்கு லாயக்கில்ல" என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே குறைவது அறிவு அல்ல, தகவல்தான். தகவலைச் சொன்னால் தீர்ந்துவிடும்.

தெரியாமை வேறு, போலி வேறு

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேரும் அன்று நமக்கு நிஜமாகவே நிறைய தெரியாது. அது மனசின் மாயை அல்ல. காலேஜ் லேத்தில் டர்னிங், ஃபேசிங், டேப்பர், த்ரெட் வெட்டியிருப்போம். அங்கே இருக்கும் மெஷின், கண்ட்ரோல் பேனல், ஃபிக்சர் எல்லாம் புதுசு. கேள்வி என்னவென்றால், தெரியாததால் நாம் போலி ஆகிவிடுவோமா என்பதுதான்.

இதற்குச் சட்டமே பதில் சொல்கிறது. இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1973-இல் அதைத் திருத்தி, பட்டம் பெற்ற பொறியாளர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். டிப்ளமோ முடித்தவருக்கு ஓராண்டு தொழிற்சாலைப் பயிற்சி என்பது அந்த ஏற்பாடு. தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதாவது, மூன்று வருஷப் படிப்பு முடிந்ததும் நமக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று பார்லிமெண்டே எதிர்பார்க்கவில்லை. பிறகு நாம் மட்டும் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவன்தான் போலி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்கிறவனுக்குப் பெயர் பழகுநர்.

தொழிலுக்குள்ளேயே இருக்கும் சந்தேகம்

நல்ல செட்டர் வேலை செய்வதைக் கவனித்துப் பாருங்கள். புது ப்ரோக்ராம் போட்டதும் நேராக ஓட விடமாட்டார். ஜாப் இல்லாமல் ட்ரை ரன் பார்ப்பார். பிறகு சிங்கிள் பிளாக்கில் வைத்து ஒவ்வொரு வரியாக ஓட்டுவார். ரேப்பிடைக் குறைத்து வைப்பார். கை ஃபீட் ஹோல்டு பட்டன் மேலேயே இருக்கும். முதல் பீஸ் வெளியே வந்ததும் அளந்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பி, ஓ.கே. வந்த பிறகே அடுத்ததை ஓட்டுவார். இருபது வருஷம் அனுபவம் உள்ளவரானாலும் முதல் பீஸ் சோதனை உண்டு. அவருக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்வதில்லை, அவரும் அப்படி நினைப்பதில்லை.

ஆக, சந்தேகப்படுவது நம் தொழிலின் ஒழுங்கு. ஆனால் அவர் சந்தேகப்படுவது ஜாப்பை, ப்ரோக்ராமை, ஆஃப்செட்டை. நாம் சந்தேகப்படுவது நம்மையே. ஜாப்பின் மேல் உள்ள சந்தேகத்தை அளந்து தீர்க்கலாம். டயா 0.04 கூட வந்தால் வேர் ஆஃப்செட்டில் 0.04 குறைத்தால் அடுத்த பீஸ் சரியாகும். "நான் லாயக்கா" என்ற சந்தேகத்தை எந்த கேஜ் வைத்து அளப்பது?

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-இல் சொன்னது இங்கே பொருந்தும். சரியாக அளக்கக் கருவி எதுவும் இல்லாதபோதுதான் மனிதன் பக்கத்தில் இருப்பவனோடு தன்னை ஒப்பிட்டு அளக்கிறான் என்றார் அவர். நம் தொழிலில் கருவிக்குப் பஞ்சமில்லை. டிராயிங்கில் டாலரன்ஸ் எழுதியிருக்கிறது, கோ நோ-கோ கேஜ் இருக்கிறது. பிறகு எதற்குப் பக்கத்து மெஷின்காரர் முகத்தைப் பார்த்து நம்மை அளக்க வேண்டும்?

கேட்காமல் விட்டால்

வேஷம் கலைந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் முதலில் நிறுத்துவது கேள்வியை. அதனால் வரும் நஷ்டம் அவனோடு மட்டும் நிற்பதில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் ஓட ஆரம்பித்தபோது, எதிரில் இருந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகம் கேட்டார். விமானி அந்த நிறுவனத்தில் மிகப் பெரிய அனுபவசாலி. விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். எஞ்சினியர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

இது போன்ற விபத்துகளை ஆராய்ந்த பிறகு, 1979-இல் நாசா நடத்திய கருத்தரங்கைத் தொடர்ந்து விமானத்துறையில் புதுப் பயிற்சி முறை வந்தது. சின்னவர் சந்தேகத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், பெரியவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில், லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு தெரிந்தால் உதவி கேட்கலாம், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். கேட்பதை வெட்கமாக நினைக்காத இடத்தில்தான் தரமும் பாதுகாப்பும் இருக்கின்றன.

ஃபாரடே என்ன செய்தார்?

மைக்கேல் ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் பழகுநராகச் சேர்ந்தார். 1812-இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலில்தான் இன்று ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் ஓடுகின்றன.

அவருக்கு உயர் கணிதம் தெரியாது. அவருடைய கருத்துகளைச் சமன்பாடுகளாக எழுத ஆரம்பித்தவர் மாக்ஸ்வெல். 1857-இல் ஃபாரடேக்கு வயது 66, மாக்ஸ்வெல்லுக்கு 26. அந்த இளைஞருக்கு ஃபாரடே கடிதம் எழுதி, கணக்கில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லலாமே, எங்களைப் போன்றவர்களுக்கு உதவுமே என்று கேட்டார். உலகமே மதித்த ஒருவர், பேரன் வயது உள்ளவரிடம் எனக்குப் புரியும்படி சொல் என்று கேட்டிருக்கிறார். நாம் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்க என்ன தயக்கம்?

மறுபக்கத்து எர்ரர்

ஜீரோ எர்ரர் இரண்டு பக்கமும் வரும் என்று ஆரம்பத்திலேயே பார்த்தோம். 1999-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் இருவரும் மாணவர்களுக்கு தர்க்கம், இலக்கணம் முதலியவற்றில் தேர்வு வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எந்த இடம் என்று கேட்டார்கள். கடைசியில் இருந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். முன்னணியில் இருந்தவர்களோ தங்கள் இடத்தைக் குறைத்துச் சொன்னார்கள். தங்களுக்கு எளிதாக வந்தது எல்லோருக்கும் எளிதாக வந்திருக்கும் என்று நினைத்ததுதான் காரணம். மற்றவர்களின் விடைத்தாள்களைக் காட்டியதும் முன்னணியில் இருந்தவர்கள் தங்கள் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டார்கள்.

எனவே சந்தேகமே இல்லாதவன் தேறியவன் என்று நினைக்க வேண்டாம். "எல்லாம் தெரியும்" என்பவனின் கருவி கூட்டிக் காட்டுகிறது. "ஒண்ணும் தெரியாது" என்பவனின் கருவி குறைத்துக் காட்டுகிறது. இருவருக்கும் மருந்து ஒன்றுதான்: செய்த வேலையை அளப்பது, மற்றவர் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

நாம் செய்யக்கூடியவை

1. பாக்கெட் நோட்டு ஒன்று வைத்துக்கொள்வோம். தேதி போட்டு, அன்று தெரியாமல் இருந்தது, யாரிடம் கேட்டோம், என்ன பதில் என்று எழுதுவோம். ஒரு மாசம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், அன்று பயமுறுத்தியது இன்று கை தானாகச் செய்வதாக இருக்கும். "நான் வளரவில்லை" என்று மனசு சொல்லும்போது காட்ட இது சாட்சி.

2. கேள்வியைச் சரியாகக் கேட்போம். "ஒண்ணும் புரியலண்ணே" என்றால் எதிரில் இருப்பவருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. "அண்ணே, மூணு பீஸ் அளந்துட்டேன். டயா 0.04 கூட வருது. வேர் ஆஃப்செட்ல மைனஸ் 0.04 போடட்டுமா?" என்று கேளுங்கள். பார்த்தது, அளந்தது, நினைப்பது மூன்றும் அதில் இருக்கிறது. இப்படிக் கேட்கிறவனை யாரும் முட்டாள் என்று நினைக்க மாட்டார்கள்.

3. "தெரியலை சார், பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்ற வாக்கியத்தை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவோம். வைவாவிலும் இது உதவும். ஆனால் சொன்னபடி பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

4. புரியாமல் தலையாட்டுவதை நிறுத்துவோம். நாம் ஆட்டும் தலையைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொருவன் பயப்படுகிறான்.

5. நன்றாக முடிந்த வேலையை, அதிர்ஷ்டம் என்று தள்ளாமல் நோட்டில் வரவு வைப்போம். நூறு பீஸில் நூறும் ஓ.கே. ஆவது அதிர்ஷ்டத்தால் நடக்காது.

6. அரியர், மார்க், ஆங்கிலம் என்று நிஜமாகவே குறை இருந்தால் அதை நேர வரம்பு போட்டுச் சரிசெய்வோம். அது கற்க வேண்டிய பாடம், நம் மேல் தீர்ப்பு அல்ல.

7. மனபாரம் தாங்க முடியாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால் வீட்டிலோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. வருஷா வருஷம் வேலைக்குப் போன சீனியர்களை அழைத்து விழா நடத்துகிறோம். சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்று கேட்டுக் கைதட்டுகிறோம். அடுத்த முறை அவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்போம்: "முதல் மாசத்தில் உங்களுக்குத் தெரியாமல் இருந்த ஐந்து விஷயம் என்ன?" அரை மணி நேரம் போதும், செலவு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டிருந்தால் அந்த அண்ணன் இருபத்திரண்டாவது நாள் பையைத் தூக்கியிருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

அவர் இப்போது வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போகிறார். புதுசாக வரும் பையன்களிடம் முதல் நாளே, "புரியலைன்னா தலையாட்டாதே, கேளு" என்று சொல்கிறாராம். நாமும் நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளிடம் அதைச் சொல்வோம். இறுதியாண்டு நண்பர்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்!